பொன்னாடை வேண்டாம், பென்சில் போதும்

இளம் எழுத்தாளர்களை ஊக்குவிக்க வேண்டும் என்று முழங்காத மேடை தமிழ்நாட்டில் இல்லை. அமைச்சர் சொல்லுகிறார், கல்லூரி முதல்வர் சொல்லுகிறார், ஜவுளிக்கடை அதிபர் சொல்லுகிறார், மைக்கைச் சரிசெய்ய வந்தவர்கூடச் சந்தர்ப்பம் கிடைத்தால் சொல்லுவார். இத்தனை பேரும் சொல்லுகிற நாட்டில் இளம் எழுத்தாளன் கொழுத்துத் திரிய வேண்டுமே, ஏன் திரியவில்லை? ஊக்கம் என்ற பெயரில் நாம் அவனுக்குக் கொடுப்பது ஊக்கமே அல்ல என்பதுதான் காரணம். ஒரு கைத்தட்டல், ஒரு பொன்னாடை, அவன் பெயர் எழுத்துப் பிழையோடு பொறித்த ஒரு கேடயம். அதோடு நம் கடமை முடிந்தது.

எழுதத் தொடங்குகிறவனுக்கு வேண்டியவை மூன்றே காரியங்கள். அவன் எழுதியதை ஒருவர் முழுக்கப் படித்து, இது தேறும், இது தேறாது என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். தேறியதை அச்சிட்டால் அதற்குச் சன்மானம் கொடுக்க வேண்டும். அச்சானதை யாராவது விலை கொடுத்து வாங்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் நடக்கும் பாராட்டு விழாவுக்கு ஊக்குவித்தல் என்று பெயரல்ல. வேடிக்கை என்று பெயர். இது சிலருக்குக் கசக்கலாம். கசக்கட்டும். இனிப்பு வேண்டுமட்டும் வழங்கியாயிற்று.

எங்கள் ஈரோட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. இங்கே மஞ்சள் மண்டியில் விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்க்காமல் விலை சொல்லுகிற வியாபாரி உண்டா? ஒடித்துப் பார்ப்பதுதான் அந்த மஞ்சளுக்கு அவர் தரும் மரியாதை. "ஆஹா, என்ன மஞ்சள்!" என்று சொல்லிக் குடியானவன் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டு, மூட்டையை எடுத்துக்கொள்ளாமல் அனுப்பிவைத்தால் அவன் சும்மா போவானா? மண்டியே இரண்டுபட்டுவிடும். கதை எழுதுகிறவன் மட்டும் சும்மா போகிறான். பொன்னாடையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டம் முடிந்து கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான். அவன் கதையை யாரும் ஒடித்துப் பார்க்கவில்லை.

சென்னிமலைப் பக்கம் ஒரு நெசவுக் கம்பெனியில் கணக்கு எழுதும் பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு கதைகள் எழுதியிருந்தாள். அவற்றில் இரண்டு உண்மையிலேயே நல்ல கதைகள். சாயப்பட்டறைக்குப் போய்வரும் தன் தகப்பனின் கைநிறத்தைப் பற்றி எழுதிய கதையை நான் இன்னும் மறக்கவில்லை. புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று ஒரு பதிப்பகத்தார் அவளிடம் முப்பதாயிரம் ரூபாய் வாங்கினார்கள். தோட்டை அடகு வைத்துக் கொடுத்தாள். வெளியீட்டு விழா நடந்தது. பேசியவர்களில் ஒருவர் அவளை ஆண்டாளோடு ஒப்பிட்டார். அந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன். பேசிய நால்வரில் ஒருவர்கூட எந்தக் கதையின் பெயரையும் குறிப்பிடவில்லை. மூன்று மாதம் கழித்துச் சந்தித்தபோது அவள் கேட்டாள்: "எரநூத்தெம்பது புஸ்தகம் கட்டிலுக்கடியில கெடக்குதுங்ணா. அதைய எங்க கொண்டுபோய்க் குடுக்கறதுன்னு யாருமே சொல்லலீங்களே?"

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. அந்தக் கதைகளை வாங்கிய பதிப்பகத்தில் ஒருவராவது படித்திருந்தால், பத்தை ஒதுக்கி இரண்டை வைத்துக்கொண்டு, "இன்னும் இரண்டு வருஷம் எழுது அம்மணி, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பார். அது அவளுக்கு அன்று வருத்தம் தந்திருக்கும். ஆனால் ஓர் எழுத்தாளரை நமக்கு மிச்சம் வைத்திருக்கும். புகழ்ந்து புகழ்ந்தே ஒரு பேனாவை மூடவைக்க முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சொந்தப் பணத்தில் புத்தகம் போடுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. தன் எழுத்தின் தரம் அறிந்து, அச்சகத்துக்குக் கூலி கொடுத்து, தானே சுமந்து விற்ற பெரியவர்கள் தமிழில் உண்டு. நான் கண்டிப்பது வேறொன்றை. தொடக்க எழுத்தாளனின் ஆசையையே மூலதனமாக்கி, எழுதுகிறவனிடம் வாங்கிப் பிழைக்கும் வியாபாரத்தை. ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கட்டினால் தொகுப்பு நூலில் ஒரு கவிதை. ஆயிரம் கட்டினால் கவிதையோடு ஒரு விருது. இரண்டாயிரம் கட்டினால் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம்! படிக்கிறவன் கொடுக்கும் காசில்தான் இலக்கியம் நடக்க வேண்டும். எழுதுகிறவனே கொடுக்கும் காசில் நடந்தால், அங்கே படிக்கிறவனுக்கு இடமில்லை, அவசியமும் இல்லை.

பழைய காலத்தில் எல்லாம் தங்கமாக இருந்தது என்று பாட்டுப் பாடவும் நான் வரவில்லை. ஆனால் எது உண்மையான ஊக்கம் என்பதற்கு நம் ஊரிலேயே, நம் மொழியிலேயே உதாரணங்கள் இருக்கும்போது, தெரியாதவர்களைப் போல நடிப்பது எதற்கு?

ஈரோட்டையே எடுத்துக்கொள்வோம். 1925-ஆம் வருஷம் மே மாதம் பெரியார் இங்கே 'குடி அரசு' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அந்தப் பத்திரிகையின் கொள்கையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம்; அது வேறு விவாதம். அண்ணாதுரை இளைஞராக இந்த ஊரில் தங்கிப் பெரியாரின் பத்திரிகைகளில் வேலை பார்த்தார். பின்னால் கருணாநிதி 'குடி அரசு' அலுவலகத்தில் துணையாசிரியராக இருந்தார். எழுத வந்த இளைஞர்களுக்கு ஈரோடு அன்று கொடுத்தது பொன்னாடை அல்ல. உட்கார ஒரு மேஜை, மாதாமாதம் ஒரு சம்பளம், "பத்திரிகை நாளை அச்சுக்குப் போக வேண்டும்" என்ற ஒரு விரட்டல். எழுத்துப் பயிற்சி என்றால் அதுதான். இன்று இவ்வளவு செல்வம் கொழிக்கும் இதே ஊரில், எழுத வருகிற ஒரு பையனுக்கு அப்படி ஒரு மேஜை எங்கே இருக்கிறது?

கொங்கு நாட்டின் இன்னொரு கதையும் கேளுங்கள். தாராபுரம் பக்கத்துக் கீரனூரில் 1917-இல் பிறந்த ஆர். ஷண்முகசுந்தரம் எழுத வந்தபோது, 'மணிக்கொடி' அவர் கதைக்கு இடம் கொடுத்தது. 1942-இல் 'நாகம்மாள்' நாவல் வெளிவந்தது. கணவனை இழந்த ஒரு கிராமத்துப் பெண் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள், அவ்வளவுதான் கதை. ஆனால் எங்கள் காட்டு மண்ணும் எங்கள் பேச்சும் அப்படியே அச்சில் ஏறியது அதற்கு முன்னால் நடவாத காரியம். அதற்கு முன்னுரை எழுதியவர் யார்? கும்பகோணத்துக்காரரான கு. ப. ராஜகோபாலன்! காவிரிக்கரைப் பேச்சில் ஊறிய ஒரு பெரிய எழுத்தாளர், கொங்கு நாட்டு இளைஞன் எழுதியதைப் படித்து, இதில் புதிதாக ஒன்று இருக்கிறது என்று கண்டுகொண்டு கையெழுத்துப் போட்டார். பேச்சைத் திருத்து, நாகரிகமாக்கு என்று அவர் சொல்லியிருந்தால் வட்டார நாவல் என்ற ஒன்று தமிழில் இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்குமோ!

அதே ஷண்முகசுந்தரம் பின்னாளில் என்ன ஆனார்? அவருடைய உழைப்பின் பெரும்பகுதி வங்க நாவல்களைத் தமிழாக்குவதில் போயிற்று. அந்த மொழிபெயர்ப்புக்களால் நாம் லாபம் அடைந்தோம் என்பது வாஸ்தவம். 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் படித்தவர்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் 'நாகம்மா'ளை எழுதிய கை, இன்னும் நாலு 'நாகம்மாள்' எழுதத் தோதாகக் கொங்கு நாட்டுச் செல்வர்கள் என்ன செய்தார்கள்? 1977-இல் அவர் காலமானார். அவரைப் பிற்காலத்தில் ஆராய்ந்து நூல் எழுதி மீண்டும் நம் கண்முன் நிறுத்தியவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரரான பெருமாள்முருகன், அதாவது இன்னோர் எழுத்தாளர். எழுத்தாளனுக்கு எழுத்தாளன் செய்வதைத் தவிர இங்கே வேறு ஆதரவு நடந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆதரவும் லேசானதல்ல. பி. எஸ். ராமையா 'மணிக்கொடி'யை நடத்திய காலத்தில், எழுதத் தயங்கிய ஒருவரை விடாமல் பிடித்து எழுதவைத்து, 'மௌனி' என்று பெயரும் சூட்டினார். சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். கையில் பணமில்லை, வாசகர் கூட்டமும் பெரிதில்லை. ஆனாலும் இருபது வயதை ஒட்டிய ஓர் இளைஞர் திருகோணமலையிலிருந்து எழுதி அனுப்பியதை அவர் படித்தார், போட்டார். அந்த இளைஞர்தான் பின்னால் பிரமிள் என்று அறியப்பட்டவர். 1962-இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் திரட்டி 'புதுக்குரல்கள்' என்று வெளியிட்டார். அந்த 24 பேரிடமும் அவர் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் செய்யவில்லை. புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இன்றைய தொகுப்பு நூல் வியாபாரிகள் ஒருநாளாவது அந்தச் சுமையைத் தோளில் ஏற்றிப் பார்க்கட்டும்.

"அவர்கள் சிறு பத்திரிகைக்காரர்கள், லட்சியவாதிகள்" என்று சிலர் ஒதுக்கலாம். பெரிய பத்திரிகைகளும் ஒரு காலத்தில் தங்கள் கடமையைச் செய்தன. 'கல்கி' தன் வெள்ளி விழாவையொட்டி 1966-இல் நடத்திய நாவல் போட்டியில் உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' முதற்பரிசு பெற்றது. 1978-இல் மகேந்திரன் அதைப் படமாக்கினார். போட்டி என்றால் நாவல் போட்டி. மாதக்கணக்கில் உழைத்து எழுதிய கையெழுத்துப் பிரதிகளை உட்கார்ந்து படித்துத் தீர்ப்புச் சொல்லும் போட்டி. அந்தக் 'கல்கி'யே 2020-இல் அச்சு இதழை நிறுத்திவிட்டது. மிச்சமிருக்கும் வார இதழ்களில் சிறுகதைக்கு ஒதுக்கும் பக்கம், சினிமாச் செய்திக்கு ஒதுக்கும் பக்கத்தில் எத்தனையில் ஒன்று என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

அண்டை வீட்டையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். 1945-இல் கோட்டயத்தில் பன்னிரண்டு மலையாள எழுத்தாளர்கள் கூடி, 120 ரூபாய் மூலதனத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். எம். பி. பால் தலைவர்; காரூர் நீலகண்டப் பிள்ளை செயலாளர். புத்தகம் போடுவதும் விற்பதும் எழுத்தாளர் சங்கத்தின் கையில். அங்கே ஆசிரியருக்குக் கொடுத்த ராயல்டி 30 சதவிகிதம். தமிழில் 10 சதவிகிதம் என்பதே வழக்கம். அதுவும் கணக்கு வந்தால்தான். நூற்றிருபது ரூபாயில் அவர்கள் செய்ததை, கோடிகளில் கல்லூரிகள் கட்டத் தெரிந்த கொங்கு நாட்டால் செய்ய முடியாதா? முடியும். மனம்தான் இல்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா என்றால், செய்கிறது. 2011 முதல் சாகித்திய அகாதெமி 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் தருகிறது. நல்ல காரியம். ஆனால் அது புத்தகம் வந்தபிறகு தரும் பரிசு. 2021-இல் மத்திய அரசு, 30 வயதுக்குட்பட்ட 75 பேரைத் தேர்ந்து ஆறு மாதம் மாதம் 50,000 ரூபாய் தரும் திட்டம் ஒன்றை அறிவித்தது. உதவித்தொகை தாராளமானதுதான், ஆனால் சுதந்திரப் போராட்டத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று பொருளையும் அவர்களே நிர்ணயித்தார்கள். மேலேயிருந்து வரும் உதவி ஒன்று காலம் கடந்து வருகிறது, அல்லது கட்டளையோடு வருகிறது. முதல் கதைக்கும் முதல் புத்தகத்துக்கும் நடுவில் ஐந்தாறு வருஷங்கள் இருக்கின்றனவே, யாரும் எட்டிப்பார்க்காத அந்த வருஷங்களில்தான் பெரும்பாலோர் பேனாவை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "உண்மையான எழுத்தாளன் ஆதரவுக்குக் காத்திருக்க மாட்டான், வறுமைதான் இலக்கியத்தை வளர்க்கும், புதுமைப்பித்தனைப் பாருங்கள்" என்பார். பார்த்தேன். புதுமைப்பித்தன் 1948-இல் காச நோயில் இறந்தபோது அவருக்கு வயது 42. கு. ப. ரா. 1944-இல் இறந்தபோது அவருக்கும் வயது 42. நான் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டவன். இனிமேல்தான் நன்றாக எழுதுவேன் என்று நம்பிக்கொண்டிருப்பவன். அந்த இருவரும் இன்னும் இருபது வருஷம் இருந்து எழுதியிருந்தால் தமிழுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. வறுமை அவர்களை வளர்க்கவில்லை ஐயா, கொன்றது. வறுமையைப் புகழ்கிறவர் எப்போதும் வயிறு நிறைந்தவராகவே இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

இன்னொருவர், "இப்போதுதான் கைப்பேசியிலேயே எழுதி உலகத்துக்குக் காட்டலாமே, ஆயிரம் பேர் அரைமணியில் பாராட்டுகிறார்களே" என்பார். காட்டலாம். இடம் கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த ஆயிரம் பேரில் கதையின் கடைசி வரி வரைக்கும் போனவர் எத்தனை பேர்? மேடைப் பொன்னாடை கைக்கடக்கமாகிவிட்டது, அவ்வளவுதான் மாறுதல்.

சுமார் இருபது வருஷங்களுக்கு முன்னால் என் முதல் கதையை ஏற்றுக்கொண்ட ஒரு சிறு பத்திரிகையின் ஆசிரியர், அச்சுக்குக் கொடுக்குமுன் அதை எனக்கு ஒருமுறை அனுப்பிவைத்தார். விருந்தாளியைக் குறிக்க 'ஒறம்பரை' என்று எங்கள் பேச்சில் எழுதியிருந்தேன். ஓரத்தில் பென்சிலால் அவர் எழுதியிருந்தது: "இந்தச் சொல் எனக்குப் புரியவில்லை. ஆனால் மாற்றாதே. அடுத்த வரியில் தானாக விளங்கட்டும்." கதை வந்ததும் நூற்றைம்பது ரூபாய் மணியார்டர் வந்தது. மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர், "கதை எழுதுனா காசெல்லாம் தருவாங்களா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் என் வீட்டார் என்னை எழுத விட்டார்கள். அதன் பிறகு கிடைத்த எந்தப் பொன்னாடையும் அந்தப் பென்சில் எழுத்துக்கு ஈடாகவில்லை.

இன்றும் இதைச் செய்கிறவர்கள் உண்டு. பெருமாள்முருகன் நாமக்கல்லில் தம் வீட்டு மாடியிலேயே 'கூடு' என்ற பெயரில் மாணவர்களைக் கூட்டிப் பேசவும் எழுதவும் பழக்கினார். 'சாதியும் நானும்' என்று 2013-இல் வந்த தொகுப்பில், அந்த வட்டத்து இளைஞர்கள் சாதியால் தாங்கள் பட்டதைத் தங்கள் சொந்த வாயால் சொன்னார்கள். மாடி, பாய், தேநீர், இவ்வளவுதான் செலவு. ஆனால் அதே மனிதருக்கு நம் பகுதி என்ன செய்தது என்பதும் ஊரறிந்த கதை. 'மாதொருபாகன்' நாவலுக்காக எழுந்த கிளர்ச்சியில், 2015 ஜனவரியில் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே அவர் எழுத்துக்குத் திரும்பினார். நாவல் பிடிக்காவிட்டால் மறுத்து எழுதலாம், திட்டியும் எழுதலாம். ஆனால் எழுதினால் ஊரைவிட்டே போக வேண்டிவரும் என்று கண்ணால் பார்த்த பையனிடம், "தம்பி, தைரியமாக எழுது" என்று மேடையில் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆகையால் நான் கேட்பது இவ்வளவுதான். பத்து எழுத்தாளர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் செலவை, ஊர்ச் செல்வர்கள் ஒரு நல்ல கதையின் சன்மானமாக மாற்றட்டும். வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம்; 1948-லேயே சட்டம் போட்டு அமைத்த பொது நூலகங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே நாலுபேர் உட்கார்ந்து, கையெழுத்துப் பிரதியை உரக்கப் படித்து விவாதிக்க யார் தடுத்தார்கள்? என்னைப் போன்று நாலு புத்தகம் எழுதிவிட்டவர்கள், வாழ்த்துரை எழுதுவதை நிறுத்திவிட்டு மாதம் ஒரு புதியவரின் கதையைப் பென்சிலோடு படிக்கட்டும். பவானியில் அகலமான ஜமுக்காளத்தை இருவர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து நெய்வதுண்டு. தெரிந்தவன் பக்கத்தில் தெரியாதவன் உட்கார்ந்தால் கை தானாகப் பழகும். எழுத்தும் கைத்தொழில்தான்.

கடைசியாக வாசகர்களுக்கு. 2005 முதல் ஈரோட்டில் புத்தகத் திருவிழா நடக்கிறது. கூட்டம் அலைமோதுகிறது, சந்தோஷம். அங்கே 'பொன்னியின் செல்வன்' வாங்குங்கள், சமையல் புத்தகமும் வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு, பெயர் கேள்விப்படாத ஒருவரின் முதல் புத்தகம் ஒன்றையும் எடுங்கள். நின்றபடியே நாலு பக்கம் படியுங்கள். பிடித்தால் வாங்குங்கள். வாங்கினால் முழுக்கப் படியுங்கள். படித்தபின், எந்த இடம் பிடித்தது, எந்த இடம் பிடிக்கவில்லை என்று இரண்டு வரி எழுதி அந்த விலாசத்துக்குப் போடுங்கள். பிடிக்காத இடத்தைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.